கறுப்புச் சட்டைக்காரன் போட்ட அரிசி

அன்புள்ள பகலவா,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகங்களிலும் ஒரு ஜீவன்கூட நம்பப்போவதில்லை என்பதை முதலிலேயே பகிரங்கமாக அறிவித்துவிடுகிறேன். நீ நம்பமாட்டாய். உன் அம்மா முதல் பத்தியைப் படித்ததுமே "ஆரம்பிச்சுட்டாருடா உங்கப்பா" என்று கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். உலகமே படிக்கும் வலைப்பூவில் இதை எழுதுவதால் உலகமும் நம்பாது. இருந்தும் இது நடந்தது, சத்தியமாக நடந்தது. எதன்மேல் சத்தியம் என்று மட்டும் கேட்காதே. போன வருஷம் முழுக்க எனக்கு இருந்த தொல்லையே அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அட்லாண்டா போவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அமெரிக்காவில் திடீரென்று பஞ்சம் வந்தால் அந்த நாட்டையே காப்பாற்றுகிற அளவுக்குப் பருப்புப்பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் உன் அம்மா அதற்குள் திணித்துக்கொண்டிருந்தாள். எடை பார்க்கும் மாபெரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் எடை மெஷின்மேல் ஏறி நின்ற சமயம் பார்த்து, "அப்பா, ப்ளாக்ல ஒரு வருஷமா ஒண்ணுமே எழுதலையே, ஏன்?" என்று கேட்டாய். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே, "பாஸ்வேர்டு மறந்துபோச்சுடா" என்றேன். "உங்க பாஸ்வேர்டு அம்மா பேருதானேப்பா" என்றாய். உன் அம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பெட்டி நழுவிக் கீழே விழுந்தது, ஹைதராபாத்தில் நம் கொண்டாப்பூர் முழுக்க நில அதிர்ச்சி உணரப்பட்டது, கீழ்வீட்டுக்காரர் வாட்ச்மேனை அனுப்பிவைத்தார். உன் கேள்வி அந்தக் களேபரத்தில் தப்பித்துப் போய்விட்டது. அதற்கான பதில் இது. நீ விமானத்தில் உட்கார்ந்து படிப்பதற்காகப் பிரின்ட் எடுத்து ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வைத்துவிடுகிறேன். எண்ணெய் ஊறிய இடங்களை நீயே யூகித்துக்கொள்.

நம் வலைப்பூவுக்கு உலகெங்கும் பதினோரு கோடி வாசகர்கள் உண்டு என்பது உனக்குத் தெரியும். அவர்களில் பின்னூட்டம் போடுகிறவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் இருவர் நம் வீட்டிலேயே சாப்பிடுகிறவர்கள். மூன்றாமவர் பஹ்ரைனில் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டார். நான் எழுதாமல் இருந்த இந்த ஒரு வருஷத்தில் அவர் மட்டும் ஒரு பின்னூட்டம் போட்டிருக்கிறார். "அய்யா, உயிரோடு இருக்கிறீர்களா? இருந்தால் ஒரு வரி எழுதவும். இல்லையென்றால் வீட்டார் யாராவது எழுதவும்." இதைவிட அன்பான வரியை என் வாழ்நாளில் நான் வாசித்ததில்லை. பஹ்ரைன் நண்பரே, இருக்கிறேன். அதற்குமேல் இந்தக் கதை என் மகனுக்கானது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

பஹ்ரைன்காரருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் கறுப்புச் சட்டைக்காரன். திருவாரூர்ப் பக்கம் மீசை முளைக்கும் முன்பே பகுத்தறிவு முளைத்தவர்களில் ஒருவன். தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எதிரில் வருகிறவனுக்கு விஷயம் விளங்கிவிடும். இவனுக்குச் சாமி கிடையாது, இவனிடம் கோயில் நன்கொடைச் சீட்டை நீட்டக்கூடாது என்று ஒதுங்கிக்கொள்வான். ஹைதராபாத் குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது என் கொள்கையைப் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டுதான் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் கறுப்புச் சட்டைக்கு அர்த்தமே வேறு என்று. கார்த்திகை பிறந்தால் போதும், ஹைதராபாத்தில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு உடுத்திக்கொள்கிறார்கள். மாலை போட்டவர் யாரானாலும் அவர் பெயர் 'ஸ்வாமி'. ஆகவே வருஷத்தில் இரண்டு மாதம் இந்த ஊரே என்னைப் பார்த்துக் கும்பிட்டது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். டிஃபன் சென்டரில் எனக்கென்று தனியாக வெங்காயம் இல்லாத சட்னி வந்தது. வெங்காயச் சட்னிக்காகவே அந்தக் கடைக்குப் போகிறவனுக்கு எப்படி இருக்கும் சொல். நம் குவார்ட்டர்ஸ் கேட்டருகே பழம் விற்ற பாயை உனக்கு நினைவிருக்கும். "க்யா ஸ்வாமி, ஜானா கப்?" என்று எப்போது மலைக்குப் போகிறேன் என்பதைத் தவறாமல் விசாரிப்பார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "பாய், ஸ்வாமி நக்கோ போலோ" என்று, அப்படிக் கூப்பிட வேண்டாமென்று, கையெடுத்துக் கும்பிட்டேன். "கைக்கு?" என்று காரணம் கேட்டார். கடவுள் மறுப்பின் வரலாற்றை எனக்குத் தெரிந்த உடைந்த தக்கனி உருதுவில் அவருக்கு எடுத்துச் சொன்னேன். வாழைப்பழத்தைத் தராசில் வைத்தபடி முழுக்கக் கேட்டுவிட்டு, "ஹவ் ஸ்வாமி, அப் நை போல்தா ஸ்வாமி" என்றார், இனிமேல் அப்படிச் சொல்லமாட்டாராம்.

வீட்டுக்குள் இந்தத் தொல்லை இல்லை. கல்யாணமான புதிதிலேயே உன் அம்மாவும் நானும் ஓர் எல்லை ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். சமையலறை அவளுடைய ராஜ்ஜியம். மளிகை அலமாரியின் மேல்தட்டில், கடுகு டப்பாவுக்கும் வெந்தய டப்பாவுக்கும் நடுவில், முருகன் குடியிருப்பார். ஹால் என்னுடைய ராஜ்ஜியம். அங்கே பகுத்தறிவு கொடிகட்டிப் பறக்கும். "உங்க கொள்கையெல்லாம் வாசற்படியோட நிக்கணும், அடுப்பாங்கரைக்குள்ள வந்துச்சுன்னா அன்னைக்கு உப்புமாதான்" என்பது ஒப்பந்தத்தின் ஒரே ஷரத்து. நாடுகளுக்கிடையே இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால் உலகில் யுத்தமே நடந்திருக்காது. அட்லாண்டா போய்க் கல்யாணம், குடித்தனம் என்று வரும்போது நீயும் இதை யோசித்துப் பார். நம்பிக்கை இரண்டாக இருந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. எந்த அறையில் எது என்று பேசிவைத்துக்கொள்ளாவிட்டால்தான் ஆகும்.

உனக்குப் பகலவன் என்று தூய தமிழில் பெயர் வைத்ததும் நான்தான். இருளைக் கிழிப்பாய் என்று நினைத்தேன். ஹைதராபாத் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் நாளே உன்னைப் 'பாகல்' என்று சுருக்கிவிட்டார்கள். நீ பைத்தியமா என்று ஹிந்தியில் கேட்டால் 'பிரசென்ட் சார்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை நீ. உனக்கு விஞ்ஞானம் புகட்டுகிறேன் என்று காலனித் தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவில் நாக்கில் கற்பூரம் ஏற்றிக் காட்டியது இன்னொரு தவறு. இதில் தெய்வ சக்தி எதுவுமில்லை, எச்சில்தான் காரணம் என்று நிரூபிப்பதாகத் திட்டம். மேடை ஏறிய பதற்றத்தில் அந்த எச்சில் வற்றிப்போய்விட்டது. அதன் பிறகு ஒரு வாரம் நான் வாய்திறக்கவில்லை. அந்த வாரம் வீட்டில் நிலவிய அமைதிக்கு நன்றி சொல்லி உன் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அப்பன் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடாது என்ற பகுத்தறிவு அன்றுதான் உனக்கு வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனி அந்த வருஷம். எனக்கு ஃபேக்டரியில் ஓய்வு கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, உன் ஆபீஸுக்குப் பக்கம் என்று கொண்டாப்பூரில் இந்த எட்டாவது மாடிக்கு வந்தோம். குஷாய்குடாவில் ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். இங்கே திறந்தால் கிரேன். அதுவும் சும்மா கிரேன் இல்லை, நிலாவைத் தூக்கி இடம் மாற்றி வைக்கும் ஜாதி. பெட்டிகளைப் பிரித்து முடிக்கும் முன்பே உன் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள் என்றால் பேச முடியவில்லை. வீடு மாற்றிய களைப்பு என்று நான் தீர்ப்பு சொன்னேன். டாக்டர் வேறு தீர்ப்பு சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாற்ற வேண்டும், ஜனவரியில் ஆபரேஷன், அதுவரை மாடிப்படி கூடாது, கூட்டம் கூடாது, மனசுக்குக் கலக்கம் கூடாது. கடைசியில் சொன்னதைக் கேட்டு உன் அம்மா என்னைத்தான் பார்த்தாள். இந்தக் கடிதத்தை நான் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் அடுப்படியிலிருந்து, "அந்தப் பொட்டியத் தட்டுனது போதும், தேங்காயத் துருவிக் குடுங்க" என்று எட்டு மாடிக்கும் கேட்கக் கத்திக்கொண்டிருக்கிறாள். ஆகவே முடிவு என்ன ஆனது என்று பஹ்ரைன்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அப்போது எங்களுக்கு முடிவு தெரியாது.

நவம்பரில் ஒரு விடியற்காலை. நான் ஹாலில் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளிக்கதவைத் திறந்துகொண்டு நீ உள்ளே வருகிறாய். தலை ஈரம், காலில் செருப்பில்லை, உடம்பில் கறுப்புச் சட்டை. பகலவா, அந்தக் கணத்தில் எனக்கு உண்டான ஆனந்தத்தை எழுத யூனிகோடில் எழுத்து இல்லை. கற்பூரத்தில் கருகிய நாக்கும், தெருமுனைக் கூட்டங்களில் வாங்கிய செருப்படியும் அன்றைக்கு அர்த்தம் பெற்றுவிட்டதாகத் தோன்றியது. என் பிள்ளை கடைசியில் கொள்கைக்கு வந்துவிட்டான். காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"வாடா தோழா! எப்படா முடிவு பண்ணின? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா!"

நீ அப்படியே நின்றுவிட்டாய். "அப்பா... கோவப்பட மாட்டீங்களா?"

"கோவமா? இந்த நாளுக்குத்தானேடா காத்திருந்தேன்!"

உன் முகம் மலர்ந்தது. குனிந்து என் காலைத் தொடப்போனாய். அப்போதுதான் சட்டைக்குள்ளிருந்து அந்தத் துளசிமணி மாலை முன்னால் ஊசலாடியது. நான் மாலையைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். சமையலறை வாசலில் உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற கொஞ்ச மூச்சையும் சிரிப்பில் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்காகப்பா" என்றாய்.

"அம்மாவுக்கு டாக்டர் இருக்காரு."

"டாக்டருக்கும் யாராச்சும் இருக்கணும்லப்பா."

"உனக்கு நெசமாவே நம்பிக்கை இருக்காடா?"

"தெரியலப்பா. சும்மா உட்கார்ந்திருக்க முடியல. லைட் தீஸ்கோங்கப்பா, ஒரு மண்டலம்தானே."

லைட்டாக எடுத்துக்கொள்வதாம். நான் எதையும் லைட்டாக எடுத்துக்கொள்ளும் ஜாதி இல்லை என்று உனக்குத் தெரியாதா? மாலை போட்டவரை வீட்டில் எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்ற தாய் தகப்பனும் விலக்கில்லை. உன் அம்மா சிரமமில்லாமல் மாறிக்கொண்டாள். "சாமி, இட்லி ஆறுது", "சாமி, ஈரத்துண்டக் கட்டில்ல போடாதீங்க" என்று உனக்கு 'ங்க' வேறு. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பகலவா என்று கூப்பிட்டால் விரதத்துக்குக் குறை, சாமி என்று கூப்பிட்டால் கொள்கைக்குக் குறை. ஆகவே நான் உன்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். சுவரைப் பார்த்து, "யாராச்சும் ஃபேனை நிறுத்துனா நல்லாருக்கும்" என்பேன். நீ நிறுத்துவாய். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நாம் இருவரும் சண்டை போடாத மாதம் அது ஒன்றுதான். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. நீ ஆபீஸுக்கு வெறுங்காலோடு போனாய். உங்கள் மேனேஜர் உன்னைத் திட்டமுடியாமல், "ஸ்வாமி, ப்ரோக்ராம்ல அந்தப் பக் இன்னும் அப்படியே இருக்கே ஸ்வாமி" என்று கைகூப்பிக் கெஞ்சுவதாக அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். நான் பேப்பருக்குப் பின்னால் சிரித்தேன். பேப்பர் ஆடியதை நீ பார்த்திருக்கலாம்.

நான் எழுதுவதை நிறுத்தியது அப்போதுதான். காரணத்தை இன்று நேராகச் சொல்கிறேன். வழக்கமாக இப்படியொரு சரக்கு கிடைத்தால் நான் விட்டிருப்பேனா? கறுப்புச் சட்டைக்காரன் வீட்டில் கறுப்புச் சட்டை சாமி என்று தலைப்பு வைத்து, ஐயப்பனை எட்டாவது மாடிக்கு லிஃப்டில் ஏற்றி இறக்கி, உலகத்தின் பதினோரு கோடிப் பேரும் விழுந்து விழுந்து சிரிக்க எழுதியிருப்பேன். எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் இருப்பது உன் அம்மா படுத்திருந்த அறையில். முதல் வரியை அடித்துவிட்டு நிறுத்தினேன். அவள் மூச்சு கேட்டது. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் ஒரு சின்னத் தடங்கல். என்ன எழுதினாலும் அந்தத் தடங்கலில் போய் முட்டி நின்றது. வாழ்நாள் முழுக்கச் சாமி இருக்கிறதா இல்லையா என்று வாதாடியவன் நான். இந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஜெயித்ததாக ஆகிவிடும், முடியாவிட்டால் நான் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று என் மண்டை ஒரு கணக்குப் போட்டது. போட்டு முடித்ததும் பயந்துபோனேன். முதல்முறையாக ஒரு வாதத்தில் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தோற்க ஆசைப்படுகிறவன் எதை எழுதுவான்? கேலி செய்து எழுதினால் பொய். உருகி எழுதினால் அதுவும் பொய். கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு அவளுக்கு வெந்நீர் வைக்கப் போனேன்.

எப்படியும் வெளியே போய்த்தானே ஆக வேண்டும், மருந்து வாங்க. ஒரு மத்தியானம் மெடிக்கல் ஷாப்பிலிருந்து திரும்பி வருகிறேன். தெருவில் பந்தல் போட்டு மாலை போட்டவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள், பிக்ஷை என்பார்களே, அது. ஒரு தொண்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "ரண்டி ஸ்வாமி, கூர்ச்சோண்டி ஸ்வாமி" என்று இழுத்துப்போய் இலை முன்னால் உட்காரவைத்துவிட்டார். நான் ஸ்வாமி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் புளிஹோரா வந்துவிட்டது. அதற்குப் பிறகு மறுப்பு சொல்வது மரியாதையா? பருப்பு, நம் ஊர்ச் சுழியமாகிய பூர்ணாலு, அப்பளம், தயிர்சாதம். எண்ணூறு பூர்ணாலு சாப்பிட்டேன். பந்தல்காரர் ரகசியமாக இன்னொரு மாவு மூட்டை வாங்க ஆளனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

பக்கத்து இலையில் ஒரு டாக்சி டிரைவர், அவரும் மாலை போட்டவர். மோரை ஊற்றிக் கலந்தபடி, "எவரி கோசம் ஸ்வாமி?" என்று கேட்டார். யாருக்காக மாலை போட்டிருக்கிறீர்கள் என்று. இந்த இடத்தில் நான் எழுந்து நின்று என் கொள்கையை விளக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "மா ஆவிட கோசம்" என்றது என் வாய். என் வீட்டுக்காரிக்காக. "குண்டெ ஆபரேஷன்" என்று நெஞ்சையும் தொட்டுக் காட்டியது என் கை. அவர் தன் இலையிலிருந்த கடைசிப் பூர்ணத்தை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதை என்னால் உடனே சாப்பிட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பாதிக் கதையை மட்டும் சொன்னேன். "கொள்கைய அடகு வெச்சு ஓசிச் சாப்பாடு சாப்பிட்டு வந்திருக்கீங்க, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். "புளிஹோரால மிளகு போட்டிருந்தானா?" என்றும் கேட்டாள்.

நீ மலைக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அதற்கு முன்னால் இருமுடி கட்டுவார்கள். நீ தலையில் சுமந்து போகிற துணிப்பையில், நெய் நிரப்பிய தேங்காயோடு வீட்டு மனிதர்களும் ஆளுக்கு மூன்று பிடி அரிசி போட வேண்டும். அப்படித்தான் வழக்கம். எல்லோருக்கும் வீட்டிலிருந்து பெரும்படையே வரும். உன் அம்மா கூட்டத்துக்குப் போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நான் வரமாட்டேன் என்று உனக்கே தெரியும், அதனால் நீ கேட்கவில்லை. "ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் போடுவாங்கம்மா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு முகத்தைக் காட்டாமல் கிளம்பிப் போனாய். அந்தப் 'பரவால்ல' இருக்கிறதே, சின்ன வயதில் சைக்கிள் கேட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது நீ சொன்ன அதே பரவால்ல. லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. உன் அம்மா சமையலறையிலிருந்து ஒரு பையோடு வந்தாள். உள்ளே அரிசி.

"போய்ட்டு வாங்க."

"சகுந்தலா, நான் எப்படி..."

"எப்படின்னா? லிஃப்ட்லதான்."

"இத்தனை வருஷமா மேடை மேடையா பேசினவன்..."

"பேசுனது ஹாலோட இருக்கட்டும். இது அடுப்பாங்கரை அரிசி, இதுல உங்க கொள்கை செல்லாது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சாமிக்குப் போட வேணாங்க. உங்க பிள்ளைக்குப் போடுங்க. அவன் வீட்ல ஆளில்லாதவன் மாதிரி அங்க உட்கார்ந்திருப்பான்."

தோற்பதற்கு நான் ஆசைப்பட்டேன் என்று சொன்னேனே, அதற்கு இவ்வளவு சுலபமாக ஒருத்தி வழி காட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. செருப்பைக்கூட மறந்து ஓடினேன். கொண்டாப்பூர் ரோட்டில் கறுப்புச் சட்டையோடும் வெறுங்காலோடும் கையில் அரிசிப் பையோடும் ஒருவன் ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. டிராஃபிக் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஸ்வாமியே சரணம்" என்றார். ஒரு டிஃபன் சென்டர்க்காரர் என் காலில் தண்ணீர் ஊற்றினார். இந்த மாநகரம் இத்தனை வருஷமாக என்னைப்பற்றிக் கொண்டிருந்த தப்பெண்ணம் அன்று ஒரு நாள் எனக்கு ஆம்புலன்ஸ் சைரன் போல உதவியது. அந்த வேகத்தை இன்னும் எந்த ஒலிம்பிக்கிலும் யாரும் முறியடிக்கவில்லை.

மண்டபத்தில் நீ ஓரமாக உட்கார்ந்திருந்தாய். முன்னால் துணிப்பை விரிந்திருந்தது. மற்றவர்களைச் சுற்றித் தாய், தகப்பன், மாமியார், மச்சான் என்று கூட்டம். உன்னைச் சுற்றிக் காற்று. இருமுடி கட்டுகிற குருஸ்வாமி உங்கள் ஆபீஸின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், உன் டாக்சி பில்களையெல்லாம் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புகிற அதே மனிதர். என்னையும் ஒரு பில்லைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். "மீ இருமுடி ஏதி ஸ்வாமி?" என் மூட்டை எங்கே என்று கேட்கிறார். அந்தக் குரலில் நீ நிமிர்ந்தாய். என்னைப் பார்த்துவிட்டு நீ அவரிடம் சொன்னாய்.

"ஆயன ஸ்வாமி காதண்டி. மா நான்ன."

ஸ்வாமி இல்லை, எங்கப்பா. அவர் என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "மரி ஈ நல்ல சொக்கா?" தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு என்பது நமக்குத் தெரியும், இருந்தாலும் என் சட்டையை அதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

"அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க" என்றேன் தமிழில்.

அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டார். "ஏ டிபார்ட்மெண்ட்டைனா சரே, பிய்யம் வேயண்டி." எந்த டிபார்ட்மெண்ட்டாக இருந்தாலும் சரி, அரிசியைப் போடுங்கள் என்றார். நீ அந்தத் துணிப்பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தாய். நான் முதல் பிடி போட்டேன். ஹுசைன் சாகர் நடுவில் நிற்கிற புத்தர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பிடி போட்டேன். கொண்டாப்பூரில் அத்தனை கிரேன்களும் வேலையை நிறுத்திவிட்டுத் தலை வணங்கின. மூன்றாவது பிடி போட்டபோது மண்டபத்துக் கூரை பிளந்து, என் ஊர்த் தோழர்கள் எல்லோரும் மேலிருந்து எட்டிப் பார்த்து, "துரோகி, கொஞ்சம் கூடப் போடு, பையன் தூரம் போறான்" என்று குரல் கொடுத்தார்கள். மண்டபத்தில் இருந்த அத்தனை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் சரணம் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

நீ படித்துக்கொண்டே சிரிப்பாய். பக்கத்து ஸீட்காரர் என்னவென்று கேட்டால், எங்கப்பா திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டார் என்று சொல். சரி, ஒத்துக்கொள்கிறேன். புத்தர் திரும்பவில்லை. கிரேன்கள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. பூர்ணாலு எண்ணூறு இல்லை, ஆறு. நான் ஓடவும் இல்லை, ஆட்டோவில்தான் போனேன், செருப்பும் போட்டிருந்தேன். இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் மட்டும் உண்மை. கடைசிப் பிடி அரிசி விரலிடுக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது, "அவளப் பாத்துக்க" என்றேன். உன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்து நீ, "சரிப்பா" என்றாய். உன்னிடம் சொல்லவில்லை. யாரிடம் சொன்னேன் என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது, பகலவா. ஆனால் கேட்டேன். அது உண்மை.